கிரேப் மிர்ட்டில்: புதுத் துளிரில் பூக்கும் மரத்தை வளர்ப்பது எப்படி?

டாலஸ், ஹூஸ்டன் பக்கம் வீடு வாங்கிக் குடியேறும் நம்மவர்கள் பலருக்கு, கேட்காமலேயே ஒரு கிரேப் மிர்ட்டில் மரமும் சேர்ந்து கிடைத்துவிடுகிறது. முந்தைய சொந்தக்காரரோ வீடு கட்டிய கம்பெனியோ வாசலோரம் நட்டுவிட்டுப் போயிருப்பார்கள். ஜூன் பிறந்ததும் பூக்க ஆரம்பித்தால் செப்டம்பர் வரை ஓயாது. வெயில் 38 டிகிரி செல்சியஸைத் தாண்டி, புல்வெளி பழுப்பாகிக் கிடக்கும் நாட்களில்கூட வெள்ளை, இளஞ்சிவப்பு, ஊதா, நல்ல சிவப்பு என்று தெரு முழுக்கக் கொத்துக் கொத்தாக நிற்கும். டெக்சாஸ் 1997இல் இதைத் தன் மாநிலப் புதர்ச்செடியாக அறிவித்ததில் ஆச்சரியமே இல்லை.

இவ்வளவு சுலபமாக வளரும் மரத்தைத்தான் பிப்ரவரி வந்தால் தெருத் தெருவாக மொட்டையடித்து வைக்கிறார்கள். பார்க்கவே மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. "வெட்டினால்தான் பூக்கும்" என்று யாரோ சொன்னதைக் கேட்டு, நல்ல எண்ணத்தோடு செய்கிற வேலை அது. அந்தச் சொல்லில் பாதி உண்மை இருக்கிறது. அந்தப் பாதியைச் சரியாகப் புரிந்துகொண்டால் எங்கே நடுவது, எப்போது வெட்டுவது, எவ்வளவு உரம் போடுவது என்பதெல்லாம் தானாகவே விளங்கிவிடும்.

முதலில் மரத்தைப் பற்றிக் கொஞ்சம். இதன் தாவரவியல் பெயர் லாகர்ஸ்ட்ரோமியா இண்டிகா. ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் 1759இல் வைத்த பெயர். சீனா, கொரியா, ஜப்பான் தொடங்கித் தென்கிழக்கு ஆசியா, இந்தியத் துணைக்கண்டம் வரை இதற்குப் பூர்விகம் சொல்கிறார்கள். நம் மருதாணியும் மாதுளையும் இதே குடும்பம். மாதுளம்பூவின் கசங்கிய இதழ்களைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பூவைப் பார்த்ததும் உறவு தெரிந்துவிடும். மேற்குத் தொடர்ச்சி மலைப் பக்கம் பெரிய ஊதாப் பூக்களோடு நிற்கும் பூமருது இதற்கு இன்னும் நெருங்கிய சொந்தம், ஒரே பேரினம். மகாராஷ்டிரத்தின் மாநில மலர் அந்தப் பூமருதுதான். அமெரிக்காவுக்கு இது வந்து சேர்ந்தது 18ஆம் நூற்றாண்டின் இறுதியில். ஆந்த்ரே மிஷோ என்ற பிரெஞ்சுத் தாவரவியலாளர் தென் கரோலினாவின் சார்ல்ஸ்டனில் இதை அறிமுகப்படுத்தினார். வெப்பமும் ஈரமும் நிறைந்த தென் மாநிலங்கள் இதற்கு அப்படியே ஒத்துப்போய்விட்டன.

பூ எங்கே வருகிறது?

மே மாதக் கடைசியில் ஒரு கிளையின் நுனியை இழுத்து அருகில் வைத்துப் பாருங்கள். அந்த வசந்தத்தில் துளிர்த்த தண்டு தனியாகத் தெரியும். பச்சையாகவோ லேசான செம்மையாகவோ இருக்கும், விரலில் உருட்டினால் நாலு பட்டையாகத் தட்டுப்படும். அதன் நுனியில் மிளகு அளவில் தொடங்கிப் பட்டாணி அளவு வரை உருண்டை மொட்டுகள் கொத்தாக இருக்கும். ஒவ்வொரு மொட்டிலும் ஆறு மெல்லிய கோடுகள் ஓடும். முற்றிய மொட்டை இரண்டு விரலால் மெதுவாக அழுத்தினால் அந்தக் கோடுகள் வழியாக வெடித்து, உள்ளே மடித்துத் திணித்து வைத்த இதழ்கள் வெளியே வரும். குழந்தைகளுக்கு இது ரொம்பப் பிடிக்கும். பெரும்பாலும் ஆறு இதழ்கள், ஒவ்வொன்றுக்கும் மெல்லிய காம்பு, ஓரம் முழுக்கச் சுருக்கம். நடுவில் மஞ்சள் மகரந்தப் பைகள். இந்தப் பூவில் தேன் கிடையாது, தேனீக்கள் மகரந்தத்துக்காகவே வருகின்றன. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மருந்து அடிக்கும் பேச்சு வரும்போது உதவும்.

கவனிக்க வேண்டியது இதுதான்: பூங்கொத்து வருவது இந்த ஆண்டு துளிர்த்த தண்டின் நுனியில். போன வருடத்துக் கிளையில் நேரடியாகப் பூ வராது. அசேலியா போன்ற செடிகள் அடுத்த ஆண்டுக்கான மொட்டைப் போன கோடையிலேயே கட்டி வைத்துக்கொள்ளும். குளிர்காலத்தில் அவற்றை வெட்டினால் பூவையே வெட்டியதாகிவிடும். கிரேப் மிர்ட்டிலுக்கு அந்தக் கவலை இல்லை. குளிர்கால முடிவில் எங்கே வெட்டினாலும் அதற்குப் பிறகு வரும் துளிரில் பூத்துவிடும். "வெட்டினால் பூக்கும்" என்ற பேச்சு பிறந்தது இங்கேதான். ஆனால் வெட்டாமல் விட்ட மரத்திலும் ஒவ்வொரு வசந்தத்திலும் நூற்றுக்கணக்கான புதுத் துளிர்கள் வரத்தான் செய்கின்றன, அத்தனையிலும் பூவும் வருகிறது. பூவுக்காக இதை வெட்ட வேண்டிய தேவை கிடையாது.

உயரம் பார்த்து வாங்குங்கள்

மொட்டையடிக்கும் பழக்கத்துக்குப் பின்னால் பெரும்பாலும் இருப்பது நர்சரியில் செய்த தவறான தேர்வு. 25 அடி வளரும் ரகத்தை ஜன்னலுக்குக் கீழே நட்டுவிட்டு, அது ஜன்னலை மறைக்கிறது என்று வருடா வருடம் வெட்டுவார்கள். நிறத்தைப் பார்த்து மயங்குவதற்கு முன்னால் சீட்டில் எழுதியிருக்கும் உயரத்தைப் படித்துவிடுங்கள்.

வெள்ளைப் பூவில் நாட்செஸ் ரகத்துக்கு இணையாக எனக்கு வேறொன்று தோன்றவில்லை. 20 அடிக்கு மேல் போகும், 30 அடியையும் தொடும். மஸ்கோகி ஊதா, அதுவும் கிட்டத்தட்ட அதே உயரம். டஸ்கரோரா பவழ இளஞ்சிவப்பு, டைனமைட் நல்ல சிவப்பு, இவை இரண்டும் சாதாரணமாக 15 முதல் 20 அடி. இடம் குறைவு என்றால் டோண்டோ, அகோமா போன்றவை 10 அடி வாக்கில் நின்றுவிடும். பால்கனித் தொட்டிக்கு என்றே 3 அடிக்குள் அடங்கும் போகமோக், சிக்கசா போன்ற குட்டை ரகங்கள் உண்டு.

இந்தப் பெயர்களில் பல அமெரிக்கப் பழங்குடி மக்களின் பெயர்கள். வாஷிங்டனில் உள்ள தேசிய மரப்பூங்காவில் டொனால்ட் எகோல்ஃப் என்ற ஆய்வாளர் 1960களில் தொடங்கி உருவாக்கிய கலப்பின ரகங்களுக்கு அந்த வழக்கம். பழைய கிரேப் மிர்ட்டில்களைச் சாம்பல் நோய் படாத பாடு படுத்தும். இலையும் மொட்டும் வெள்ளைப் பொடி தூவியது மாதிரி ஆகி, பூ விரியாமலே போய்விடும். ஜப்பானின் யாகுஷிமா தீவில் வளரும் இன்னொரு இனமான லாகர்ஸ்ட்ரோமியா ஃபௌரியேயின் விதைகளை ஜான் கிரீச் என்ற அமெரிக்கத் தாவர ஆய்வாளர் 1956இல் கொண்டுவந்திருந்தார். அந்த இனத்துக்குச் சாம்பல் நோயை எதிர்க்கும் சக்தி இருந்தது. அதைப் பழைய இனத்தோடு கலந்துதான் எகோல்ஃப் தன் ரகங்களை உருவாக்கினார். நாட்செஸ், மஸ்கோகி இரண்டும் 1978இல் வெளிவந்தன. அந்த யாகுஷிமா மரம் கொடுத்த இன்னொரு சீதனம் பட்டை. கோடை நடுவில் நாட்செஸ் மரத்தின் பழைய பட்டை சுருள் சுருளாக உரிந்து, உள்ளிருந்து இலவங்கப்பட்டை நிறத்தில் வழவழப்பான தண்டு வெளிப்படும். கொய்யா மரத்தைத் தடவிப் பார்த்தவர்களுக்குக் கைக்கு அதே உணர்வு கிடைக்கும். இலையெல்லாம் உதிர்ந்து நிற்கும் ஜனவரியிலும் இந்த மரம் அழகாக இருப்பதற்குக் காரணம் அந்தத் தண்டுதான்.

பூ நிறம் மாறிப்போகக் கூடாது என்று நினைப்பவர்கள் ஜூன், ஜூலையில் பூத்திருக்கும் செடியையே பார்த்து வாங்கலாம்.

நடுவது

வெயிலில் சமரசம் வேண்டாம். குறைந்தது 6 மணி நேரம் நேரடி வெயில், 8 மணி கிடைத்தால் இன்னும் நல்லது. ஓக் மரத்தின் நிழலில் நட்டால் மரம் உயிரோடு இருக்கும், வளைந்து நெளிந்து வெயிலைத் தேடும், பூ மட்டும் பேருக்கு நாலு வரும். பெரிய ரகம் என்றால் வீட்டுச் சுவரிலிருந்து 10 அடியாவது தள்ளி நடுங்கள். கார் நிறுத்தும் இடத்துக்கு நேர் மேலே கிளை வரும்படி நட வேண்டாம். உதிரும் பூவும், அசுவினி வந்தால் அது விடும் பிசுபிசுப்பும் காரின் மேல்தான் விழும்.

லேசான அமிலத்தன்மை உள்ள மண் இதற்குப் பிடிக்கும். டாலஸைச் சுற்றியுள்ள மண்ணோ களிமண் மிகுந்த, காரத்தன்மை கொண்ட கறுப்பு மண். கோவில்பட்டி, விருதுநகர் பக்கத்துக் கரிசலும் இதுவும் மண்ணியல் வகைப்பாட்டில் ஒரே வகை. கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும், மழையில் ஊறிப் பிசினாகும். கிரேப் மிர்ட்டில் இதையும் தாங்கிக்கொள்ளும். இலை நரம்பு பச்சையாக இருக்க, நடுப்பகுதி மட்டும் மஞ்சளாகிறது என்றால் இரும்புச்சத்து வேருக்குக் கிட்டவில்லை என்று அர்த்தம். வருடத்துக்கு ஒருமுறை மேலே மக்கிய உரம் பரப்பி வந்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

இங்கே நடுவதற்கு ஏற்ற காலம் அக்டோபர், நவம்பர். கோடைக்கு முன்னால் வேர் ஓடிவிடும். தொட்டி எவ்வளவு ஆழமோ அவ்வளவே குழி ஆழம், அகலம் மட்டும் இரண்டு மூன்று மடங்கு. தொட்டிக்குள் வட்டமாகச் சுற்றியிருக்கும் வேரைக் கத்தியால் இரண்டு மூன்று இடத்தில் கீறிப் பிரித்துவிடுங்கள். அப்படியே நட்டால் மண்ணுக்குள்ளும் அது சுற்றிக்கொண்டேதான் இருக்கும். தண்டின் அடி அகன்று வேராகப் பிரியும் இடம் தரை மட்டத்துக்கு மேலே கண்ணுக்குத் தெரிய வேண்டும். தோண்டிய அதே மண்ணைப் போட்டு மூடி, மேலே 2, 3 அங்குலம் மரச்சீவல் மூடாக்குப் போடுங்கள். மூடாக்கு தண்டைத் தொடாமல் ஒரு சாண் இடைவெளி இருக்கட்டும். தண்டைச் சுற்றிக் கோபுரம் மாதிரி குவித்து வைப்பதை ஊரெல்லாம் செய்கிறார்கள். அடித்தண்டு ஈரத்தில் ஊறி அழுகுவதற்கு அதுவே வழி.

முதல் கோடையில் வாரத்துக்கு ஒன்றிரண்டு முறை, குழாயை மெல்லிசாகத் திறந்துவிட்டு வேர்ப்பகுதி முழுக்க நனையும்படி தண்ணீர் விடுங்கள். தினமும் மேலாகத் தெளிப்பதால் பயனில்லை. இரண்டு மூன்று வருடத்தில் வேர் நன்றாக இறங்கிய பிறகு, கடும் வறட்சியில் எப்போதாவது ஊற்றினால் போதும்.

உரம் ரொம்பக் குறைவாகவே தேவை. புல்வெளிக்குப் போடும் நைட்ரஜன் உரம் வேர் வழியாக இதற்கும் போய்ச் சேரும். தழை செழிக்கும், பூ குறையும், சதைப்பற்றான இளந்துளிரைத் தேடி அசுவினியும் வரும். களைக்கொல்லி கலந்த புல் உரத்தை மரத்தடியில் தூவவே கூடாது.

கவாத்து: எதை வெட்டலாம், எதை விட வேண்டும்

பெரிய கிளைகளை இடுப்பு உயரத்திலோ தலை உயரத்திலோ கட்டையாக வெட்டினால் மரம் பதறிப்போய் அந்த வெட்டிலிருந்து பத்துப் பதினைந்து தளிரை ஒரே இடத்தில் தள்ளும். ஒரே கோடையில் நாலைந்து அடி வளர்ந்துவிடும் அந்தக் குச்சிகளின் நுனியில் பெரிய பெரிய பூங்கொத்து வரும். அதைப் பார்த்துத்தான் வெட்டியவருக்குத் திருப்தி. ஆனால் அந்தக் குச்சிகள் பழைய கட்டையின் விளிம்பில் ஒட்டிக்கொண்டிருப்பவை. ஒரு நல்ல மழை பெய்தால் பூங்கொத்தின் பாரம் தாங்காமல் தரையைத் தொடும், சில ஒடிந்தே விழும். அவ்வளவு தழையை முதலில் உருவாக்க வேண்டியிருப்பதால் பூக்கத் தொடங்குவதும் தள்ளிப்போகும். அடுத்த பிப்ரவரியில் அதே இடத்தில் மறுபடி வெட்டு. சில வருடத்தில் ஒவ்வொரு கிளை முனையிலும் முஷ்டி மாதிரி ஒரு முண்டு திரண்டுவிடும். வழவழப்பான தண்டின் அழகு போயே போய்விடும்.

சரி, அப்படியானால் எதை வெட்டுவது? காலம், இலை விடுவதற்கு முன்னால், டாலஸ் பக்கம் பிப்ரவரி. இலையுதிர் காலத்தில் கத்தரியை எடுக்காதீர்கள். வெட்டினால் துளிர் கிளம்பும், அந்த இளந்துளிர் முதல் உறைபனியிலேயே கருகும்.

முதல் வேலை அடியில். வேரிலிருந்து கிளம்பும் பக்கக் கன்றுகளை மண்ணோடு ஒட்ட எடுத்துவிடுங்கள். இளமரம் என்றால் நல்ல தண்டுகளாக மூன்றோ ஐந்தோ தேர்ந்தெடுத்து வைத்துக்கொண்டு மற்றவற்றை நீக்கலாம். தண்டுகள் ஒன்றிலிருந்து ஒன்று விலகி வெளிப்பக்கமாகப் போக வேண்டும், அதைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். அப்புறம் பட்டுப்போன கிளை, ஒன்றோடொன்று உரசும் கிளை, மரத்தின் உள்பக்கம் திரும்பி வளரும் கிளை. உரசும் இரண்டில் எது நல்ல திசையில் போகிறதோ அதை விட்டுவிட்டு மற்றதை எடுங்கள். வெட்டும்போது பாதியில் கட்டையாக விடாமல், அது தாய்க்கிளையோடு சேரும் இடத்துப் புடைப்பு வரை போய், புடைப்பைக் காயப்படுத்தாமல் வெட்ட வேண்டும். கட்டைவிரலைவிடத் தடித்த கிளையில் கத்தரி வைக்கும் முன் ஒரு நிமிடம் தள்ளி நின்று மரத்தை முழுதாகப் பாருங்கள். பெரும்பாலும் அதை வெட்டத் தேவையிருக்காது. மரம் வளர வளர, கீழ்ப்பக்கச் சிறு கிளைகளை வருடத்துக்குக் கொஞ்சமாக எடுத்து வந்தால் 4, 5 அடி வரை தண்டு வெறுமையாகி, அதன் வளைவும் பட்டையும் தெரிய ஆரம்பிக்கும்.

போன வருடத்துக் காய்கள் பழுப்பு நிறத்தில் வெடித்து நுனிகளில் நிற்கும். எட்டினால் எடுக்கலாம், எட்டாவிட்டால் விட்டுவிடலாம். அதனால் பூ ஒன்றும் குறையாது. கோடையில் குட்டை ரகங்களின் முதல் பூ வாடியதும் கொத்தை மட்டும் கிள்ளிவிட்டால், பக்கத் துளிர் கிளம்பி இன்னொரு சுற்றுப் பூக்கும். அங்கேயும் அதே கணக்குதான்: புதுத் துளிர், புது நுனி, புதுப் பூ.

மொட்டையடித்த மரம்தான் வீட்டோடு வந்தது என்றால் இரண்டு வழி இருக்கிறது. ஒவ்வொரு முண்டிலும் வெளிநோக்கிப் போகும் பலமான தளிர் இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் எடுத்துவிடுங்கள். அடுத்த வருடங்களிலும் அதையே செய்தால் அந்த இரண்டும் தடித்துக் கிளையாகிவிடும். ரொம்ப மோசமாகிவிட்ட மரத்தைக் குளிர்கால முடிவில் தரையோடு வெட்டிவிட்டு, வேரிலிருந்து வரும் தளிரில் நல்ல ஐந்தைத் தேர்ந்தெடுத்து புதிதாகவே வளர்க்கலாம். கேட்கத் திகிலாக இருக்கும், ஆனால் பழைய வேரின் பலத்தில் மரம் சீக்கிரமே எழுந்து வந்துவிடும். முண்டு முண்டாக நிற்பதைவிட இது எவ்வளவோ மேல்.

பூச்சி, நோய்

இலைக்கு அடியில் வெளிர்மஞ்சள் நிறத்தில் மொய்ப்பவை அசுவினி. அவை விடும் பிசுபிசுப்பின் மேல் கரும்பூசணம் படிந்து இலை கறுப்பாகும். தண்ணீரை வேகமாக அடித்துக் கழுவிவிட்டு, பொறிவண்டுகள் வந்து மிச்சத்தைப் பார்த்துக்கொள்ள விடுங்கள்.

இலையோடு தண்டும் கிளையும் கரி பூசியது மாதிரி கறுத்து, கிளைக் கவட்டையில் வெள்ளைப் பஞ்சு மாதிரி ஒட்டியிருந்தால் அது பட்டைச் செதில் பூச்சி. டாலஸுக்கு வடக்கே உள்ள ரிச்சர்ட்சனில் 2004இல் முதலில் கண்டறியப்பட்டு, இப்போது தென் மாநிலங்கள் பலவற்றில் பரவியிருக்கிறது. உறுதிப்படுத்துவது சுலபம். அந்த வெள்ளைப் புள்ளியை நகத்தால் நசுக்கினால் இளஞ்சிவப்புச் சாறு வரும். இலை இல்லாத குளிர்காலத்தில், பாத்திரம் கழுவும் சோப்பு கலந்த தண்ணீரும் மிருதுவான பிரஷ்ஷும் கொண்டு எட்டும் உயரம் வரை தேய்த்துக் கழுவினாலே பெரும்பகுதி போய்விடும். அதோடு குளிர்கால எண்ணெய்த் தெளிப்பும் உதவும். வேரில் ஊற்றி மரம் முழுக்க ஏறும் மருந்தைக் கடைக்காரர் எடுத்து நீட்டுவார். அது மகரந்தத்திலும் போய்ச் சேரக்கூடியது, இந்தப் பூவுக்குத் தேனீ வருவதோ அந்த மகரந்தத்துக்காகவே. எனவே அதைக் கடைசிக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று: அந்த வெள்ளைப் பஞ்சுக்கு நடுவில் முள் முள்ளாக, மெதுவாக நகரும் புழுக்கள் தெரிந்தால் நசுக்கிவிடாதீர்கள். அவை பொறிவண்டின் குஞ்சுகள், செதில் பூச்சியைத் தின்ன வந்தவை.

பட்டுப்போய்விட்டதா?

இந்த மரம் வசந்தத்தில் கடைசியாகத்தான் கண் விழிக்கும். மார்ச்சில் பக்கத்து மரங்களெல்லாம் பச்சை கட்டியிருக்க, இது குச்சியாகவே நிற்கும். ஏப்ரல் கடைசி வரை பொறுங்கள். சந்தேகம் இருந்தால் சிறு கிளையில் பட்டையை நகத்தால் சுரண்டுங்கள். அடியில் பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பாக உலர்ந்திருந்தால் இன்னும் கீழே இறங்கிச் சுரண்டிப் பார்க்க வேண்டும்.

2021 பிப்ரவரி 16 அன்று டாலஸில் வெப்பநிலை மைனஸ் 19 டிகிரி செல்சியஸ் வரை இறங்கியது. அந்தக் குளிரில் மேல் பகுதி முழுக்கப் பட்டுப்போன கிரேப் மிர்ட்டில்கள் உண்டு. அவசரப்பட்டு வேரோடு பிடுங்காமல் காத்திருந்தவர்களுக்கு அடியிலிருந்து தளிர் கிளம்பியது. புதுத் துளிரில் பூக்கும் மரம் என்பதன் பெரிய ஆதாயம் இங்கேதான் தெரியும். குளிர் அத்தனை கிளையையும் கொண்டுபோனாலும், வேர் தப்பினால் மறுபடி பூக்கும்.

நண்பர்களுக்குக் கன்று கொடுக்க ஆசைப்பட்டால் விதையை நம்ப வேண்டாம். விதையில் வரும் செடி தாயின் நிறத்திலோ உயரத்திலோ இருக்கும் என்று சொல்ல முடியாது. பிப்ரவரியில் கவாத்துச் செய்த கிளையிலிருந்து பென்சில் தடிமனில், ஒரு சாண் நீளத்தில் குச்சி வெட்டி, மேல் எது கீழ் எது என்று மாறாமல், மணலும் மக்கிய உரமும் கலந்த தொட்டியில் முக்கால் பாகம் புதையும்படி நடுங்கள். ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால் வசந்தத்தில் துளிர்க்கும். துளிர்த்ததும் வேர் வந்துவிட்டது என்று இழுத்துப் பார்க்காதீர்கள், இலை முந்திக்கொள்ளும், வேர் பின்னால்தான் வரும். கோடை முழுக்க லேசான நிழலில் வைத்திருந்துவிட்டு, அக்டோபரில் வெயில் உள்ள இடமாகப் பார்த்து மண்ணில் இறக்கலாம்.